சொக்கிப் பூனையும் சிரட்டை விளக்கும்

ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அந்தக் காட்டில் சொக்கி என்று ஒரு காட்டுப்பூனை. மூக்கு முதல் வால் நுனி வரைக்கும் கன்னங்கரேல் என்று இருக்கும். அதற்கு இரண்டு விஷயங்கள் ரொம்பப் பிடிக்கும். ஒன்று மீன். இன்னொன்று, தன் கண்ணைப் பற்றித் தானே பேசுவது.

"எனக்கு இருட்டிலே கண்ணு தெரியும்! அமாவாசை ராத்திரியிலே அக்கரையிலே ஓர் எறும்பு தும்மினாக்கூட எனக்குத் தெரியும்!" என்று மீசையை நீவி விட்டுக்கொள்ளும்.

"தும்மினா காதுல கேக்கணும். கண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு! பூனைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்புறம் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசாது. கேட்டவர்களுக்கும் அது நிம்மதிதான்.

சொக்கிக்கு நான்கு குட்டிகள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஆற்று வெள்ளம் எலி வளைகளையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிழைத்த எலிகள் பெண்டு பிள்ளைகளோடு மேட்டுக்காட்டுக்குக் குடி போய்விட்டன. சொக்கி காடு முழுக்கச் சுற்றியும் ஓர் எலி வால்கூட அகப்படவில்லை.

குட்டிகள் பசியில் கத்தின. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. பெற்ற வயிறு பொறுக்குமா?

"இனிமே கடல்தான் கதி! தோணி கட்டி மீன் பிடிக்கப் போறேன்!" என்றது சொக்கி.

சொல்லிவிட்டதே தவிர, உள்ளுக்குள் உதறல். பூனைக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. வாலில் ஒரு சொட்டுப் பட்டால் மரத்தின் உச்சிக்கு ஓடிவிடும். இருந்தாலும் குட்டிகளின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது, மனசைக் கல்லாக்கிக்கொண்டது. விழுந்து கிடந்த ஒரு மரத்தைக் குடைந்து சின்னத் தோணி ஒன்று செய்தது. கொடியைப் பின்னி வலை செய்தது.

துடுப்புப் போட ஓர் ஆள் வேண்டுமே? குரங்கைக் கேட்டது. "எனக்கு வயித்து வலி!" என்றது குரங்கு. கீரியைக் கேட்டது. "எனக்கும் அதே வயித்து வலிதான்!" என்றது கீரி. கடைசியில் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றிதான் வந்தது. ஊசிமுத்துவை அதுவரைக்கும் யாரும் எதற்கும் கூட்டாளியாகச் சேர்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் குத்தும் அல்லவா?

"உனக்கு மீன் ஆகாதே, தம்பி. கிழங்குதானே தின்னுவே? அப்புறம் எதுக்கு வர்றே?" என்று கேட்டது சொக்கி.

"என்னையும் மதிச்சு ஒருத்தர் கூப்பிட்டீங்களே, அக்கா! அது போதும்!" என்றது ஊசிமுத்து. அதன் கண் கலங்கிவிட்டது.

"சரி சரி, அழாதே. அந்தக் கோடியிலே உக்காரு. திரும்பும்போது சொல்லிட்டுத் திரும்பு!" என்றது சொக்கி.

அந்தக் காட்டில் மீன் பிடிக்கிற மிருகங்கள் எல்லாம் ராத்திரியில்தான் போகும். நிலா இல்லாத நாளில்தான் சாளை மீன் கூட்டங்கூட்டமாக ஆற்று வாய்க்குப் பக்கத்தில் வரும். பொழுது சாய்ந்ததும் கரையிலிருந்து காற்று கடலைப் பார்த்து வீசும்; அது தோணியை வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஆற்று வாயின் இரண்டு பக்கமும் மணல்திட்டு. நடுவில் ஒடுங்கலாக ஒரே ஒரு வழி. போகிற தோணியும் அதில்தான் போக வேண்டும், வருகிற தோணியும் அதில்தான் வர வேண்டும்.

ஆகையால் அந்தத் துறையில் ஒரு வழக்கம். இருட்டிய பிறகு தோணி எடுப்பது யாராக இருந்தாலும், கொடுக்கன் என்ற நண்டிடம் ஒரு சிரட்டை விளக்கு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சிரட்டை விளக்கு என்றால் வேறொன்றும் இல்லை. தேங்காய்ச் சிரட்டையில் சுற்றிலும் ஓட்டை போட்டிருக்கும். உள்ளே மின்மினிகள் உட்கார்ந்து மின்னும். ஆளுக்கு ஒரு சொட்டுப் பூந்தேன் கொடுத்தால் விடிய விடிய மின்னும். அந்தச் சிரட்டையை நீளமான கம்பில் கட்டி, துடுப்புப் போடுகிறவர் கண்ணில் படாதபடி தலைக்கு மேலே உயரமாக நிறுத்த வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் சொக்கி தோணியைத் தண்ணீரில் தள்ளியது. கொடுக்கன் நண்டு ஓடி வந்தது.

"நில்லு, நில்லு! விளக்கு எங்கே?"

"விளக்கா? எனக்கா?" சொக்கி விழுந்து விழுந்து சிரித்தது. "நண்டு மாமா, கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் விளக்கு. எனக்கு எதுக்கு?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல, சொக்கி?"

"வழக்கமெல்லாம் எருமைக்கும் பன்னிக்கும் சொல்லுங்க. என் கண்ணைப் பாருங்க! இது கண்ணா, ரெண்டு வைரமா? ஓரமாப் போங்க மாமா!"

"ஓரமாத்தான் போய்க்கிட்டிருக்கேன். எனக்கு வேற நடை தெரியாது!" என்றது நண்டு.

சிரட்டைக்குள்ளிருந்து மின்மினிகள் எட்டிப் பார்த்தன. "எங்களையும் கூட்டிட்டுப் போ, அக்கா! நாங்க பாட்டுப் பாடுவோம்! கதை சொல்லுவோம்! கடல் எப்படியிருக்கும்? பெரிசா? ஆத்தைவிடப் பெரிசா?"

"பாத்தீங்களா மாமா? இதுங்களுக்கு வாய் மூடவே மூடாது. இந்தச் சத்தத்துக்கு மீன் எல்லாம் அடுத்த ஊருக்கு ஓடிடும்! தம்பி, போடு துடுப்பை!" என்றது சொக்கி.

ஊசிமுத்து தயங்கியது. "அக்கா... ஒரே ஒரு விளக்கு வாங்கிக்கலாமே. எனக்கு என் கையே தெரியலை."

"உன் கையைப் பாத்து என்ன செய்யப் போறே? நான் பாத்து வழி சொல்றேன், நீ துடுப்பைப் போடு. அவ்வளவுதான்!"

சும்மா சொல்லக் கூடாது. பூனைக்கு உண்மையாகவே கண் நன்றாகத் தெரிந்தது. "இடது பக்கம் மணல்திட்டு, கொஞ்சம் வலது! முன்னாலே ஒரு கட்டை மிதக்குது, ஒதுங்கு! அதோ சாளை, போடு வலையை!" என்று அது சொல்லச் சொல்ல, தோணி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. வலை நிறைய மீன். குட்டிகள் வயிறு புடைக்கத் தின்றன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. சொக்கிக்குத் தலை கால் புரியவில்லை. துறையில் நண்டைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாமா, இன்னும் அந்தச் சிரட்டை யாவாரத்தை விடலையா?" என்று கேட்டுவிட்டுப் போகும். நண்டு கொடுக்கை ஒரு தடவை திறந்து மூடும்.

ஒரு நாள் ராத்திரி சொக்கிக்கு அதுவரை கிடைக்காத மீன் கிடைத்தது. தோணியில் கால் வைக்க இடமில்லை. ஊசிமுத்து மீன் குவியலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கரைக்குத் திரும்பி, ஆற்று வாயின் ஒடுங்கல் வழிக்குள் நுழைந்தார்கள்.

எதிரே ஒரு வெளிச்சம். வெளிச்சம் என்றால் சாதாரண வெளிச்சம் இல்லை. திருவிழாச் சப்பரம் நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது.

அது மந்தையப்பன் என்ற எருமை. தீவுக்குப் போய்ப் புல் அறுத்துவர, பெரிய தோணியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தது. மந்தையப்பனுக்கு இருட்டு என்றால் பயம். ஆகவே ஒரு விளக்குக்குப் பதிலாக ஒரு டஜன் விளக்கு வாங்கும். அதையும் கம்பில் உயரமாகக் கட்டாது. கொம்பில் நான்கு, கழுத்தில் நான்கு, முன்னால் மூஞ்சிக்கு நேராக நான்கு என்று தொங்கவிட்டுக்கொள்ளும். அத்தனை வெளிச்சமும் அதன் கண்ணிலேயே அடிக்கும். மூக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் 'நமக்குத்தான் நிறைய வெளிச்சம் இருக்கே' என்று நிம்மதியாக அசை போட்டுக்கொண்டு வரும்.

"எருமையண்ணன் வர்றாரு. மூக்கு மேலே ஓர் ஈ உக்காந்திருக்கு. வலது கண்ணுல பீளை!" என்று சொக்கி நேர்முக வர்ணனை கொடுத்தது.

"அக்கா, அவரு நம்மளைப் பாத்துட்டாரா?" என்று கேட்டது ஊசிமுத்து.

"ஏன் பாக்க மாட்டாரு? நான் அவரைப் பாக்கிறேனே!"

"நீங்க பாக்கிறீங்க. அவரு பாக்கிறாரா?"

"அட என்னடா இது! இந்த முனையிலே நான் இருக்கேன், அந்த முனையிலே அவரு இருக்காரு. இங்கேயிருந்து அங்கே தெரிஞ்சா, அங்கேயிருந்து இங்கே தெரியாதா?"

ஊசிமுத்து யோசித்தது. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஒரு சத்தம் போடட்டுமா அக்கா?"

"வேண்டாம்! வழியிலே போறவனெல்லாம் கத்திக்கிட்டேவா போவான்? அவரே ஒதுங்குவாரு."

"ஒதுங்கலையே அக்கா!"

"இப்ப ஒதுங்குவாரு பாரு."

"அக்கா! இப்ப எனக்கே அந்த ஈ தெரியுது!"

மடார்!

பெரிய தோணி சின்னத் தோணியின் நடு விலாவில் இடித்தது. சின்னத் தோணி ஒரு குட்டிக்கரணம் போட்டது. மீன், வலை, துடுப்பு, முள்ளம்பன்றி, பூனை எல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன.

"எவன்டா அவன், வழியிலே பாறையைக் கொண்டாந்து வச்சவன்?" என்று எருமை கத்தியது.

முள்ளம்பன்றியின் முள் உள்ளே பொக்காக இருக்கும். அதனால் ஊசிமுத்து முங்கவில்லை. தக்கை மாதிரி குதித்துக்கொண்டு மேலே வந்தது. "காப்பாத்துங்க!" என்று கூவியது. எருமை சத்தம் வந்த பக்கம் வாயை நீட்டிக் கவ்வித் தூக்கியது.

"ஐயோ! அம்மா! இதென்னடா, கடல்லே கருவேல மரம் மிதக்குது!"

"மரம் இல்லண்ணே, நான் ஊசிமுத்து! எங்க அக்காவைக் காணோம்! சொக்கியக்கா தண்ணியிலே விழுந்துட்டாங்க! அவங்களுக்கு நீச்சல் தெரியாதுண்ணே!"

எருமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பூனையா? எங்கே? எங்கே?"

சொக்கி கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. துடுப்பு ஒன்று கையில் அகப்பட்டது. அதை நான்கு கால்களாலும் கட்டிப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிற நேரம். இழுப்பு அதைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே கொண்டுபோனது.

"இங்கே இருக்கேன்! இங்கே!" என்று சொக்கி அலறியது.

"இங்கேன்னா எங்கே?" என்றது எருமை.

"உங்க மூக்குக்கு நேரா!"

"என் மூக்கு எந்தப் பக்கம் பாக்குதுன்னு எனக்கே தெரியலையே, தாயி!"

அலைச் சத்தத்தில் குரல் எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரி இருந்தது. ஊசிமுத்து இடது பக்கம் பார்த்தது. எருமை வலது பக்கம் பார்த்தது. இரண்டும் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சொக்கிக்கு எல்லாம் தெரிந்தது. எருமையின் காது மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஊசிமுத்துவின் கண்ணிலிருந்து வழிகிற கண்ணீர் தெரிந்தது. எருமையின் கண் தன்னைத் தேடிக்கொண்டு வருவதும், நேராகத் தன் மேலேயே வந்து நிற்பதும், அப்படியே தாண்டிப் போவதும் தெரிந்தது. இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோசனம்? அவர்கள் கண்ணுக்குப் பூனையே இல்லை.

சொக்கிக்குக் குட்டிகள் ஞாபகம் வந்துவிட்டது. 'நான் செத்தா என் பிள்ளைங்க? நாலும் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்குமே! யாரு இருக்கா அதுங்களுக்கு?' துடுப்பைக் கட்டிக்கொண்டு அது ஓவென்று அழுதது.

ஊசிமுத்து பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அந்த அழுகை அதன் காதில் விழுந்ததும் பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. எருமையின் மூஞ்சிக்கு முன்னால் தொங்கிய விளக்கு ஒன்றை அவிழ்த்தது. எருமையின் முதுகில் ஏறி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தது.

"மத்த விளக்கையெல்லாம் பின்னாலே தள்ளுங்கண்ணே! உங்க கண்ணிலேயே அடிச்சா வெளியே எப்படித் தெரியும்? மின்மினித் தம்பிகளா, இன்னும் கொஞ்சம் பளிச்சுனு!"

"இதோ! இதோ!" என்றன மின்மினிகள். எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மின்னின. வெளிச்சம் தண்ணீரின் மேல் நீளமாகப் போய் விழுந்தது.

தூரத்தில், கறுப்புத் தண்ணீரில், பச்சையாக இரண்டு புள்ளிகள் பளபளத்தன.

"ஐயோ, கொள்ளிவாய்ப் பிசாசு!" என்று எருமை அலறியது. துடுப்பைத் தலைகீழாகப் போட்டுப் பின்னால் போக ஆரம்பித்தது.

"பிசாசு இல்லண்ணே! அது அக்கா! பூனைக் கண்ணு! வெளிச்சம் பட்டா அப்படித்தான் மின்னும்! முன்னாலே போங்க!"

"போக மாட்டேன்! எங்கப்பாவே பிசாசு பாத்துத்தான் காய்ச்சல்லே விழுந்தாரு!"

ஊசிமுத்துவுக்குப் பேச நேரமில்லை. எருமையின் முதுகில் உட்கார்ந்தபடியே உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. "அம்மாடியோவ்!" எருமை குதித்தது. தோணி தானாக முன்னால் பாய்ந்தது.

அதற்குள் பச்சைப் புள்ளிகள் இரண்டும் காணாமல் போய்விட்டன!

"அக்கா! கண்ணை மூடிட்டீங்களா?"

"வெளிச்சம் கூசுதுடா! உப்புத் தண்ணி வேற எரியுது!"

"கூசட்டும்! எரியட்டும்! கண்ணைத் திறங்க! உங்க கண்ணு தெரிஞ்சாத்தான் நீங்க எங்கே இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும்!"

சொக்கி கண்ணைத் திறந்தது. மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி எரிந்தது. இமை தானாக மூடப் பார்த்தது. குட்டிகளை நினைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக விழித்தது. வாழ்நாள் முழுக்க எதையெதையோ பார்த்துப் பீற்றிக்கொண்ட கண், அன்றைக்குத்தான் ஒன்றும் பார்க்க முடியாமல் கூசிக்கொண்டு, பிறர் பார்ப்பதற்காகத் திறந்திருந்தது.

"அங்கேதான்! நேரா! கொஞ்சம் வலது! அக்கா, மூடாதீங்க, மூடாதீங்க! போடுங்கண்ணே துடுப்பை!"

எருமை மூச்சுவாங்கத் துடுப்புப் போட்டது. தோணி பக்கத்தில் வந்தது. எருமை திரும்பி நின்று வாலைத் தண்ணீரில் தொங்கவிட்டது.

"பிடிச்சுக்கோ, தாயி!"

சொக்கி பாய்ந்து பிடித்தது. நான்கு காலிலும் எத்தனை நகம் உண்டோ அத்தனையையும் வாலில் இறக்கிப் பிடித்தது.

எருமை போட்ட சத்தத்தில் கரையில் தூங்கிக்கொண்டிருந்த கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. "முன்னாலே முள்ளு, பின்னாலே நகம்! இன்னிக்கு யார் மூஞ்சிலேடா முழிச்சேன்!" என்று அது புலம்பியது.

சொக்கி தோணிக்குள் விழுந்தது. நனைந்த பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிப் பூனைதான் மிச்சம் இருக்கும். அந்தப் பாதிப் பூனை நடுங்கிக்கொண்டே எருமையிடம் சண்டைக்குப் போனது.

"நீங்க ஏன் ஒதுங்கலை? கண்ணு எங்கே வச்சிருந்தீங்க?"

"விளக்கில்லாம வந்தது நீ! என்னைக் கேக்கிறியா? நீயும் கறுப்பு, உன் தோணியும் கறுப்பு, தண்ணியும் கறுப்பு, ராத்திரியும் கறுப்பு! இதுல நான் எதைப் பாத்து ஒதுங்குறது?"

"நான் உங்களைப் பாத்தேனே!"

"நீ என்னைப் பாத்தது எனக்கு எப்படித் தாயி தெரியும்?"

சொக்கி நனைந்த வாலை நக்க ஆரம்பித்தது. சிரட்டைக்குள்ளே மின்மினிகள் களுக்கென்று சிரித்தன.

"சிரிக்காதீங்க! எருமையண்ணனும் லேசுப்பட்டவரில்லை. டஜன் விளக்கைக் கட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியாம வந்தாரு!" என்றது ஊசிமுத்து.

"அதுவும் சரிதான்" என்று எருமை தலையைச் சொறிந்துகொண்டது. பாவம், நல்ல எருமை அது. புல்லுக்குப் போவதை விட்டுவிட்டு, கவிழ்ந்த தோணியையும் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, இருவரையும் கரையில் கொண்டுவந்து விட்டது.

சொக்கி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. உயிர் பிழைத்தாயிற்று. ஆனால் மீன் எல்லாம் போய்விட்டது. வெறுங்கையோடு குட்டிகளிடம் எப்படிப் போவது?

"அக்கா, முதுகு என்னமோ கனக்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்றது ஊசிமுத்து.

சொக்கி பார்த்தது. தோணி கவிழ்ந்தபோது ஊசிமுத்து மீன் குவியலுக்குள் உருண்டிருக்கிறது. முள்ளுக்கு ஒரு சாளை வீதம் முதுகு முழுக்கக் குத்திக்கொண்டு நின்றது!

அன்று ராத்திரி குட்டிகள் ஊசிமுத்துவைச் சுற்றி உட்கார்ந்து, செடியில் பழம் பறிக்கிற மாதிரி மீனைப் பறித்துப் பறித்துத் தின்றன. "கூச்சமா இருக்கு! கூச்சமா இருக்கு!" என்று ஊசிமுத்து நெளிந்தது. அதற்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

தோணியின் விலாவை அடைக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம் சொக்கி துறைக்கு வந்தது. நண்டின் முகத்தைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தது.

"இன்னிக்குக் காத்து நல்லாயிருக்கு, மாமா."

"நல்லாயிருக்கு."

"தம்பிக்குக் கண்ணு சரியாத் தெரியலையாம். அதுக்காக வேணா ஒரு விளக்கு..."

"தம்பிக்கா?" என்றது நண்டு.

சொக்கி வாலைச் சுருட்டிக் காலுக்குள் வைத்துக்கொண்டது. பிறகு, "எனக்குத்தான் மாமா. ஒண்ணு குடுங்க" என்றது.

நண்டு இருப்பதிலேயே நல்ல சிரட்டையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. ஊசிமுத்து அதை நீளக் கம்பின் உச்சியில் கட்டியது. வெளிச்சம் யார் கண்ணிலும் அடிக்கவில்லை. சொக்கியின் பார்வையும் குறையவில்லை. மின்மினிகள் விடிய விடியப் பேசின. மீன் ஒன்றும் அடுத்த ஊருக்கு ஓடவில்லை. வழியில் மந்தையப்பன் எதிரே வந்தது. இப்போது அதுவும் கம்பின் உச்சியில் ஒரே ஒரு விளக்கோடு வந்தது. தூரத்திலேயே பார்த்து ஒதுங்கி, "நல்லாயிருக்கியா, தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனது.

தோணி கரையை நெருங்கும்போது, அலையாத்தி வேரின் மேல் நான்கு குட்டிகளும் நின்று குதித்துக்கொண்டிருந்தன. "அம்மா! அம்மா! அம்மா வர்றா!" என்று ஒரே கூச்சல்.

சொக்கிக்குக் கோபம் வந்தது. தோணி தரை தட்டுவதற்கு முன்பே கரைக்குத் தாவியது. "பொந்தை விட்டு வெளியே வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? எத்தனை நேரமா இங்கே நிக்கிறீங்க?"

"தினமும் இங்கேதான்மா நிப்போம். நீ போனதிலிருந்து வர்ற வரைக்கும்" என்றது கடைக்குட்டி. "எங்களுக்கு அவ்வளவு தூரம் கண்ணு தெரியாதில்ல? கடல் எல்லாம் கறுப்பா இருக்கும். நீ இருக்கியா, முழுகிட்டியான்னே தெரியாது. நீ வர்ற சத்தம் கேக்குற வரைக்கும் அழுதுக்கிட்டே இருப்போம். கேட்டதும் ஓடிப்போய்ப் பொந்துல படுத்துக்குவோம். இன்னிக்கு அழவே இல்லம்மா! நீ அவ்வளவு தூரத்திலே வரும்போதே, விளக்கு வெளிச்சத்திலே அதோ அம்மான்னு தெரிஞ்சுபோச்சு!"

சொக்கி நான்கையும் வாரி அணைத்துக்கொண்டது. தோணியில் மீன் காத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நம் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது என்று துணிந்து போனால் மட்டும் போதாது. எதிரே வருகிறவர்களுக்கும் வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் நாம் இருக்கும் இடம் தெரியும்படி நடந்துகொள்வதே உண்மையான புத்திசாலித்தனம்.